லாக் அன் எலன்: கோட்டையைக் கட்டியவர் யார், தண்ணீரை ஏற்றியவர் யார்?

கேள்வி இது: "ஸ்காட்லாந்துப் பயணப் படங்களில், பைன் மரங்கள் சூழ்ந்த ஒரு சின்ன ஏரியின் நடுவில், தண்ணீரிலிருந்தே முளைத்ததுபோல ஓர் இடிந்த கோட்டை அடிக்கடி கண்ணில் படுகிறது. லாக் அன் எலன் என்று பெயர் போட்டிருக்கிறார்கள். 'ஓநாய்' என்ற பட்டப்பெயர் கொண்ட ஒரு கொடுங்கோலன் கட்டியதாம். உண்மையா? நிலம் அவ்வளவு கிடக்கும்போது ஏன் தண்ணீருக்குள் போய்க் கட்டினார்கள்? உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குத்தான் பதில் சுருக்கம். உள்ளே போக வழியில்லை. படகுச் சேவை கிடையாது, பாலம் கிடையாது, டிக்கெட் கொடுக்கும் ஆளும் கிடையாது. கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரம்தான், ஆனாலும் நடுவில் கிடப்பது குளிர்ந்த நீர். இன்வெர்னஸ் பக்கம் வேலை பார்த்த ஆண்டுகளில் அந்தக் கரையை ஆறேழு முறை சுற்றி வந்திருக்கிறேன். தீவில் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை. அதில் பெரிய வருத்தமும் இல்லை. அந்தக் கோட்டையைப் புரிந்துகொள்ள மதிலைவிடத் தண்ணீரைப் பார்ப்பதுதான் உதவும் என்பது என் கட்சி. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர். ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கில் 'லாக்' என்றால் ஏரி, 'எலன்' என்றால் தீவு. தீவு இருக்கும் ஏரி, அவ்வளவுதான். எழுத்தில் 'லாக்' என்று முடிக்கிறேனே தவிர, அந்தக் கடைசி ஒலி நம் 'க்' இல்லை. ஆங்கிலேயர்கள் பலருக்கு அது நாக்கில் வராது. நமக்கு வரும். எஃகு, அஃது என்று சொல்லும்போது ஆய்தம் தொண்டையில் உரசுகிறதே, ஏறக்குறைய அந்த உரசல்தான்.

ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில், அவிமோர் என்ற சிற்றூருக்குத் தெற்கே 5 கிலோமீட்டர் தொலைவில் இந்த ஏரி இருக்கிறது. சுற்றியுள்ள வட்டாரத்துக்கு ராத்திமுர்க்கஸ் என்று பெயர். இப்போது கெய்ர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியது. பனியுகம் முடிந்து பனியாறு பின்வாங்கியபோது, உடைந்து சரளையில் புதைந்து கிடந்த பெரும் பனிக்கட்டி மெல்ல உருகி, அது விட்டுப்போன குழியில் நின்ற நீர்தான் ஏரியாயிற்று. ஆறு பெருகி உண்டான ஏரி இல்லை. வெள்ளமும் இல்லை, இழுப்பும் இல்லை. தீவு மிகச் சின்னது. கோட்டை ஏறக்குறைய அதன் முழுப் பரப்பையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. படத்தில் மதில் நேராகத் தண்ணீரிலிருந்து எழுவதுபோலத் தெரிவது அதனால்தான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் தண்ணீருக்குள் கட்டினார்கள் என்ற கேள்விக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் இது புதிய யோசனையே இல்லை. ஏரிக்குள் மரத்தூண் அடித்து, கல்லையும் மரத்தையும் கொட்டிச் செயற்கைத் தீவு எழுப்பி அதன்மேல் வீடு கட்டுவது அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம். அத்தகைய தீவுகளுக்குக் கிரானோக் என்று பெயர். நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மேற்குத் தீவுகளில் உள்ள சில, ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. ஆக, தண்ணீர் நடுவே குடியிருப்பது என்பது அந்த நாட்டவருக்குக் கோட்டைகள் வருவதற்கு வெகு காலம் முன்பே தெரிந்த வித்தை. அகழி வெட்டும் செலவு மிச்சம். ஏணி சாத்த முடியாது. அடியில் சுரங்கம் தோண்ட முடியாது. தீப்பந்தம் எறியப் பக்கத்தில் வர வேண்டுமானால் படகு வேண்டும். படகெல்லாம் உள்ளே இருப்பவன் கையில்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இடத்தை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் ஆள முடியாது. படை திரட்டி நிறுத்த முற்றம் போதாது. கட்டடம் என்று பார்த்தால் ஒரு கோபுர வீடு, ஒரு கூடம் உள்ள கட்டடம், இரண்டையும் சேர்க்கும் மதில், நடுவில் கையகல முற்றம். இது அரியணை போட்டு உட்கார்ந்த இடம் இல்லை. வீட்டில் இரும்புப் பெட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஆபத்து வரும்போது பெண்டுபிள்ளைகளையும் பத்திரங்களையும் வெள்ளிச் சாமான்களையும் கொண்டுபோய் வைத்து, படகுகளை இழுத்துக் கட்டிக்கொள்வதற்கு ஏற்ற இடம்.

ஆபத்து என்றால் என்ன ஆபத்து? பெரும்பாலும் மாடு. மலைநாட்டின் செல்வம் அந்தக் காலத்தில் மாட்டில்தான் இருந்தது. மேற்கே லாக்கேபர் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து, கிழக்கே மோரே சமவெளியின் கொழுத்த மாடுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் காட்டுக்குள் போய்வந்த தடத்துக்குக் கேலிக்கில் 'திருடர் பாதை' என்றே பெயர். அந்தப் பாதை இந்த ஏரியின் தென்கரையை ஒட்டித்தான் போகிறது. நம் பழைய இலக்கணக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் வெட்சித் திணை, கரந்தைத் திணை என்று பிரித்துச் சூத்திரம் எழுதியிருப்பார்கள். ஆநிரை கவர்வது அங்கேயும் வெறும் திருட்டாகக் கருதப்படவில்லை. இளைஞன் ஆண்மையை நிரூபிக்கும் வழியாகவே எண்ணப்பட்டது. கவரப்பட்டவன் என்ன நினைத்தான் என்பது வேறு விஷயம்.

இப்போது ஓநாய். அலெக்ஸாண்டர் ஸ்டூவர்ட் என்பது அவன் பெயர். ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ராபர்ட்டின் மகன், பேடனாக் என்ற இந்த மலை வட்டாரத்தின் தலைவன், பக்கன் பகுதியின் பிரபு. 'பேடனாக்கின் ஓநாய்' என்பது பின்னால் ஒட்டிய பட்டம். மனைவி யூஃபீமியாவை ஒதுக்கிவிட்டு வேறொரு பெண்ணுடன் வாழ்ந்தான். மனைவியிடம் திரும்பிப் போகும்படி ஆயர்கள் உத்தரவிட்டார்கள். மோரே மறைமாவட்டத்தின் ஆயர் அலெக்ஸாண்டர் பர்ருடன் அவனுக்கு நிலத் தகராறுகளும் நெடுநாளாக இருந்தன. தந்தை இறந்த 1390-ஆம் ஆண்டிலேயே அவன் பழி தீர்த்துக்கொண்டான். மே மாதம் ஃபாரஸ் ஊரை எரித்தான். ஜூன் 17 அன்று எல்ஜின் நகரையும் அங்கிருந்த பேராலயத்தையும் கொளுத்தினான். எல்ஜின் பேராலயத்தின் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு வந்தால் 'ஓநாய்' என்ற சொல் மிகையாகத் தோன்றாது.

சரி, அவனுக்கும் இந்தக் கோட்டைக்கும் என்ன தொடர்பு? நிலத்தளவில் உண்மையான தொடர்பு உண்டு. ராத்திமுர்க்கஸ் நிலம் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து மோரே ஆயர்களுக்குச் சொந்தம். 1383-இல் அதை ஆயரிடமிருந்து முறைப்படி குத்தகையாக வாங்கிக்கொண்டவன் இதே அலெக்ஸாண்டர்தான். ஏழு ஆண்டு கழித்து அந்த ஆயரின் கோயிலைத்தான் எரித்தான். ஆனால் அவனுடைய உண்மையான குகை இது இல்லை. அது வடக்கே, கிராண்டவுன் ஊரைத் தாண்டி, மரமே இல்லாத பொட்டல் மேட்டில் இருக்கும் லாக்கின்டார்ப். அதுவும் ஏரித் தீவுக்கோட்டைதான், ஆனால் பல மடங்கு பெரியது. 1303-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் படையோடு வந்து தங்கிய இடம். 1336-இல் அங்கே முற்றுகையில் சிக்கிய ஆத்தல் சீமாட்டியை மீட்க மூன்றாம் எட்வர்ட் தானே குதிரையேறி வந்தார். பிறகு 1450-களில், மீண்டும் யாரும் அங்கே அரண் கட்டிக்கொண்டு மன்னரை எதிர்க்கக் கூடாது என்று அரச ஆணையின்பேரில் அதைப் பாழாக்கினார்கள். அதன் இரும்புக் கதவு என்று காட்டப்படும் ஒன்று இன்றும் காடர் கோட்டையில் தொங்குகிறது.

அவ்வளவு பெரிய லாக்கின்டார்புக்கு ஆள் வருவதில்லை. அழகான லாக் அன் எலனுக்கு வருகிறார்கள். பிரபலமான கொடியவனும் அழகான இடிபாடும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்தால், கதை சொல்பவர்கள் இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்துவிடுவார்கள். ஓநாய் இங்கே ஓர் இரவு தூங்கியிருக்கலாம். சுவரில் ஒரு பகுதியை எழுப்பியும் இருக்கலாம். 'ஓநாயின் கோட்டை' என்று பலகை மாட்டும் அளவுக்கு அது போதாது என்பேன்.

உண்மையில் அந்தத் தீவோடு அதிகம் பிணைந்திருப்பவை குலங்கள். 'கிளான்' என்ற சொல்லைக் குலம் என்று நாம் பெயர்க்கிறோம். கேலிக்கில் அதன் மூலப்பொருள் 'பிள்ளைகள்'. தமிழில் 'மக்கள்' என்ற சொல் பெற்ற பிள்ளைகளையும் குறிக்கிறது, ஊர்ச் சனத்தையும் குறிக்கிறது அல்லவா, அதே மனப்போக்கு. தலைவனுக்கு ஒரு ரத்த உறவும் இல்லாத குடியானவன்கூடத் தலைவனின் குடும்பப்பெயரைச் சூடிக்கொண்டு 'பிள்ளை' ஆகிவிடுவான். வாடகை கொடுப்பதும் வாளெடுப்பதும் அந்த உறவின் பேரில்தான்.

ராத்திமுர்க்கஸில் முதலில் ஷா குலத்தவர் இருந்தார்கள். அவர்களும் மக்கின்டாஷ் குலத்தவரும் 'கிளான் சாட்டன்' என்ற கூட்டணியைச் சேர்ந்தவர்கள். 1396-இல் பெர்த் நகரத்து மைதானத்தில், மன்னர் மூன்றாம் ராபர்ட்டின் கண்முன்னே, பக்கத்துக்கு முப்பது பேர் வீதம் நிறுத்தி இரண்டு குலங்களின் பகையைத் தீர்த்துவைத்தார்கள். தீர்த்தது என்றால் வெட்டித் தீர்த்ததுதான். சாட்டன் பக்கம் பதினொருவர் மிஞ்சினார்கள் என்றும், எதிர்ப்பக்கம் ஒரே ஒருவன் மிஞ்சி ஆற்றில் குதித்து நீந்தித் தப்பினான் என்றும் சொல்வார்கள். வென்ற பக்கத்துக்குத் தலைமை தாங்கியவன் ஒரு ஷா என்பது ராத்திமுர்க்கஸ் மரபு. பல் துருத்தியவன் என்பது அவன் பட்டப்பெயர். அவனுடையது என்று சொல்லப்படும் கல்லறை அங்குள்ள பழைய தேவாலய முற்றத்தில் இருக்கிறது. மேலே உருளை வடிவில் ஐந்து சின்னக் கற்கள், பாலாடைக்கட்டி வட்டைகளைப் போல. கல்லை நகர்த்துபவனைக் கல்லறையின் காவல் பூதம் சும்மா விடாது என்பார்கள். ஒரு வேலைக்காரன் விளையாட்டாக ஒரு கல்லைத் தூக்கி ஸ்பே ஆற்றில் எறிந்தானாம். சில நாளில் அதே ஆற்றில் மூழ்கினானாம். இப்போது கற்களின்மேல் இரும்புக் கம்பிக் கூடு போட்டிருக்கிறார்கள். கற்களைக் காக்கவா, சுற்றுலாப் பயணிகளைக் காக்கவா என்று தெரியவில்லை.

16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலம் கிராண்ட் குலத்தின் ஒரு கிளைக்கு வந்தது. அந்தக் கிளை இன்றுவரை ராத்திமுர்க்கஸில்தான் இருக்கிறது. தீவுக்கோட்டை அதன் வேலையைச் செய்ததாகத் துலக்கமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியும் கிராண்ட்களின் காலத்தில் நடந்ததுதான்.

1690, மே மாதத் தொடக்கம். பட்டமிழந்த மன்னர் ஏழாம் ஜேம்ஸை மீண்டும் அரியணையில் ஏற்றப் போராடிய ஜாக்கபைட் படையினர், ஸ்பே ஆற்றங்கரையில் கிராம்டேல் என்ற இடத்தில் விடியுமுன் தாக்கப்பட்டுச் சிதறினார்கள். கிராண்ட்கள் எதிர்ப்பக்கம், அதாவது வில்லியம் மன்னரின் பக்கம். தோற்றவர்களில் ஒரு பிரிவினர் பின்வாங்கும் வழியில் ராத்திமுர்க்கஸுக்குள் புகுந்து, தீவில் ஒதுங்கியிருந்தவர்களைப் பிடிக்க முயன்றார்கள். உள்ளே தலைமை தாங்கியவர் வீட்டுத் தலைவி கிரிசல் மோர். 'மோர்' என்றால் கேலிக்கில் 'பெரிய'. நம் மோர் இல்லை. பெரிய கிரிசல். முற்றுகை நடந்துகொண்டிருக்க, அந்த அம்மாள் அடுப்பில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றித் துப்பாக்கிக் குண்டு வார்த்துக்கொண்டிருந்தார் என்பது குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. சமைக்கும் பெண்ணாகவும் இல்லாமல் வாளேந்திய வீராங்கனையாகவும் இல்லாமல், அடுப்படியில் நின்று குண்டு ஊற்றும் பெண்ணாக அந்தக் கதை அவரை நிறுத்துகிறது. கதையைக் கட்டியவர்களுக்கு நல்ல கண் இருந்திருக்கிறது.

கரையில் நின்றவர்கள் சுட்டார்கள், உள்ளிருந்தவர்கள் திருப்பிச் சுட்டார்கள், வந்தவர்கள் போய்விட்டார்கள். பீரங்கியும் படகும் இல்லாத களைத்த படைக்கு அந்தத் தண்ணீரே போதுமான பதில். 18-ஆம் நூற்றாண்டில் ஜாக்கபைட் எழுச்சிகள் ஒடுக்கப்பட்டு, மாடு பிடிப்பவர்களும் ஒழிந்தபின், இரும்புப் பெட்டிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. கூரை போனது, மரம் முளைத்தது.

இங்கேதான், முன்பு பிறகு சொல்வதாக நிறுத்திய விஷயம் வருகிறது. பயணக் கையேடுகளில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகிற இதுதான் எனக்கு இந்த இடத்தின் முக்கியமான கதை.

18-ஆம் நூற்றாண்டில் ராத்திமுர்க்கஸின் உண்மையான வருமானம் பைன் மரம். கப்பலுக்கும் வீட்டுக்கும் மரம் வேண்டும். காட்டில் மரம் இருக்கிறது. கடற்கரைக்குக் கொண்டுபோகச் சாலை இல்லை. இருப்பது ஸ்பே ஆறு மட்டும். காட்டுக்குள்ளிருந்து ஸ்பே வரைக்கும் ஓடுபவை முழங்கால் அளவு ஓடைகள். அவற்றில் மரக்கட்டை மிதக்காது. ஆகவே ஏரி வாயில் அணை கட்டி மதகு வைத்தார்கள். மதகை அடைத்து ஏரியைப் பெருக்குவது, வெட்டிய கட்டைகளை ஓடையோரம் உருட்டி வைப்பது, பிறகு மதகைத் திறந்துவிடுவது. தேங்கிய நீர் ஒரே பாய்ச்சலில் இறங்க, அதன் முதுகில் கட்டைகள் இடித்துக்கொண்டும் புரண்டும் ஓடும். இரு கரையிலும் நீண்ட கழியோடு ஆட்கள் ஓடி, சிக்கிய கட்டைகளைத் தள்ளி விடுவார்கள். குளிர்ந்த நீரில் இடுப்பளவு நிற்கும் வேலை. விஸ்கி இல்லாமல் யாரும் செய்யமாட்டார்கள். ஸ்பேயை அடைந்ததும் கட்டைகளைத் தெப்பமாகப் பிணைத்து, மேலே ஆள் ஏறிக் கடல்வரை ஓட்டிப்போவார்கள். தெப்பம் வருவதற்கு முந்திய காலத்தில் தோல் போர்த்திய பரிசலில் ஒருவன் அமர்ந்து கட்டைகளை இழுத்துப் போனான். அப்படிப்பட்ட ஸ்பே பரிசல் ஒன்று எல்ஜின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவர்கள் அதன் முன் ஒரு நிமிஷம் நிற்காமல் போகமாட்டார்கள்.

மதகு வைத்ததால் லாக் அன் எலனின் நீர்மட்டம் உயர்ந்தது. உயர்ந்த நீர் தீவின் ஓரத்தைத் தின்றது. மதிலுக்கு வெளியே இருந்த கரைத்துண்டும் அதோடு போயிற்று. தீவிலிருந்து கரைக்கு நீருக்கடியில் வளைந்து வளைந்து ஒரு கல்பாதை இருந்தது, அதன் திருப்பங்கள் உள்ளூரார் சிலருக்கு மட்டுமே தெரியும் என்று ஒரு கதை உண்டு. பாதை இருந்திருந்தால் அதுவும் முழங்கால் ஆழத்திலிருந்து ஆளாழத்துக்குப் போய்விட்டது. ஆகவே, நீங்கள் படத்தில் பார்த்து வியந்த காட்சி, மதில் தண்ணீரிலிருந்து நேராக எழும் அந்தக் காட்சி, கட்டியவர்கள் திட்டமிட்டது மட்டும் இல்லை. பாதி மர வியாபாரம் செய்த உபயம். கோட்டைக்கு வேலை போன பிறகுதான் அதற்கு அந்த எடுப்பான தோற்றம் வந்தது.

இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. மேற்கே லாக் ஆ ஏரியில் கில்கர்ன் கோட்டை. 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் கேம்பெல் குலத்தின் கிளென்னார்க்கி கிளையினர் கட்டியது. அதுவும் தீவாகத்தான் இருந்தது. 1817-இல் ஏரியின் நீர்மட்டத்தைத் தாழ்த்தினார்கள். இன்று கோட்டைக்குப் புல்வெளி வழியாக நடந்து போகலாம். மேரி அரசியை 1567 ஜூனிலிருந்து 1568 மே வரை சிறை வைத்திருந்த லாக் லெவன் தீவும் அப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஏரி நீரை இறக்கியதால் தீவு பெரிதாகிவிட்டது. மேரி இருந்தபோது மதிலுக்கு வெளியே மிகக் குறைவான இடம்தான் இருந்தது. இன்று அங்கே மரநிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், அவள் காலத்தில் மீன் நீந்திய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தீவுக்கோட்டையைப் பற்றி எதையும் நம்புமுன், ஏரியில் மதகு எப்போது வந்தது என்று கேட்டுவிட வேண்டும்.

கூரை போன கோட்டைக்கு 19-ஆம் நூற்றாண்டில் புதுக் குடித்தனக்காரர் வந்தார். விராலடிப்பான். மீனைக் கண்டதும் நீரில் காலை நீட்டிப் பாய்ந்து தூக்கும் அந்தப் பெரிய பறவையை நம் நீர்நிலைகளிலும் குளிர்காலத்தில் பார்க்கலாம். ஆனால் ஸ்காட்லாந்துப் பறவைகள் இந்தியாவுக்கு வருவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. ஏப்ரலில் திரும்பிவந்து, இடிந்த கோபுர உச்சியில் குச்சி குச்சியாக அடுக்கிப் பழைய கூட்டையே ஆண்டுதோறும் பெரிதாக்கும். கிரிசல் மோருக்குக் கிடைத்த அதே பாதுகாப்பு பறவைக்கும் கிடைத்தது: சுற்றிலும் தண்ணீர்.

ஆனால் ஜாக்கபைட்களைத் தடுத்த தண்ணீர் முட்டை சேகரிப்பவர்களைத் தடுக்கவில்லை. விக்டோரியா காலத்துக் கனவான்களுக்கு அரிய பறவையின் முட்டையை ஊதி வெறுமையாக்கிப் பஞ்சில் வைத்து அலமாரியில் அடுக்குவது ஒரு பித்து. பறவை அரிதாக அரிதாக முட்டையின் விலை ஏறும். விலை ஏற ஏற பறவை இன்னும் அரிதாகும். 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூயிஸ் டன்பார் என்பவன், பனி கொட்டிய ஒரு பின்னிரவில் நடந்து வந்து, இந்த ஏரியை நீந்திக் கடந்து, மதிலேறி முட்டைகளை எடுத்தான். திரும்பும்போது கைக்கொரு முட்டையாகப் பிடித்துக்கொண்டு மல்லாந்து நீந்தினானாம். கரையேறிப் படகுக் கொட்டகையில் முட்டைகளை ஊதி, உள்ளே விஸ்கியால் கழுவினானாம். திருட்டை வெறுத்துக்கொண்டே அந்த நீச்சலை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

நிலக்கிழார் குடும்பம் பறவையைக் காக்கப் பாடுபட்டது. அதற்காக 1893-இல் லண்டன் விலங்கியல் கழகம் வெள்ளிப் பதக்கமும் கொடுத்தது. பலனில்லை. 1899-க்குப் பிறகு அந்தக் கூடு காலியாகிவிட்டது. இன்னும் சில ஆண்டுகளில் ஸ்காட்லாந்து முழுவதிலும் விராலடிப்பான் இனப்பெருக்கம் நின்றுபோனது. 1954-இல் ஒரு ஜோடி தானாகத் திரும்பி வந்தது, இதே ஸ்பே பள்ளத்தாக்கில், பக்கத்திலிருக்கும் லாக் கார்ட்டன் ஏரிக்கு. 1958-இல் காவலை மீறி ஒருவன் இரவில் மரமேறி முட்டைகளை எடுத்து, பதிலுக்குக் கோழி முட்டைகளுக்கு ஷூ பாலிஷ் பூசி வைத்துவிட்டு ஓடினான். மறு ஆண்டு மரத்தைச் சுற்றி முள்கம்பி, இரவு பகல் காவல். மூன்று குஞ்சுகள் பறந்தன. கூடு இருக்கும் இடத்தை மறைப்பதற்குப் பதிலாக, ஊரையே கூப்பிட்டுத் தொலைநோக்கியில் காட்டினார்கள் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார். ஆயிரக்கணக்கானோர் கண் வைத்திருக்கும் கூட்டில் திருடுவது கடினம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரியாக இருந்தது. இன்று ஸ்காட்லாந்தில் இருநூறு ஜோடிகளுக்கு மேல் இருக்கின்றன.

போக நினைப்பவர்களுக்கு: எடின்பரோவிலிருந்தோ இன்வெர்னஸிலிருந்தோ அவிமோருக்கு ரயில் உண்டு. அங்கிருந்து நடக்கலாம், சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். காரில் போனால் நிறுத்தக் கட்டணம் கொடுக்க வேண்டும். ஏரியைச் சுற்றி நல்ல நடைபாதை, ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மேடுபள்ளம் அதிகம் இல்லை. தொடங்கும் இடத்தில் ஒரு பழைய சுண்ணாம்புக் காளவாய் நிற்கிறது, கண்டுகொள்ளாமல் போய்விடாதீர்கள். தென்மூலையில் லாக் காவ்னா என்ற குட்டி ஏரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழியில் ஒரு கல்லில் எழுத்து வெட்டியிருக்கும்: 1882 டிசம்பரில், உறைந்த ஏரியின்மேல் சறுக்கியபோது பனி உடைந்து மூழ்கிப்போன ஒரு படைத்தளபதியின் நினைவுக்கு. குளிர்காலத்தில் ஏரி உறைந்து கோட்டைவரை வெள்ளைத் தரையாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல எச்சரிக்கைப் பலகை தேவையில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மிட்ஜ் என்ற பொடிக் கொசு உங்களைத் தின்றுவிடும். மே நல்ல மாதம். அக்டோபர் அதைவிட நல்லது. சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் சிலர் துடுப்புப் போட்டுக்கொண்டு தீவை நெருங்குகிறார்கள்தான். ஆனால் அது சட்டப் பாதுகாப்பில் உள்ள தொல்சின்னம், சுவர்களும் தளர்ந்தவை. ஏறாதீர்கள்.

கோட்டைக்கு நேர் எதிரே கரை சற்று நீருக்குள் நீளும் இடத்தில் நின்று கூப்பிட்டால், மதிலில் பட்டு மூன்று முறை எதிரொலிக்கும் என்பது இந்த ஏரிக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்த புகழ். நானும் யாரும் இல்லாத ஒரு காலையில் கூச்சத்தை விட்டுக் கத்திப் பார்த்தேன். எனக்கு ஒன்றுதான் திரும்பி வந்தது. தீவில் மரங்கள் அடர்ந்துவிட்டது காரணமாயிருக்கலாம், என் குரலும் காரணமாயிருக்கலாம்.

அந்த மறைந்த கல்பாதையையும் தேடியிருக்கிறேன். மழையில்லாத ஒரு ஜூன் மாதம், நீர் நன்றாக இறங்கியிருந்தது. தேயிலைச் சாறு நிறத் தண்ணீருக்கடியில், கரையிலிருந்து தீவை நோக்கி ஒரு கறுப்புக் கோடு நேராகப் போவதுபோலத் தெரிந்தது. காலணியைக் கழற்றிவிட்டு இறங்கிக் காலால் தடவினேன். கல் இல்லை, வழுவழுவென்றிருந்தது. மூழ்கிப்போன பைன் கட்டை. கரைப்பக்க முனை ரம்பத்தால் சீராக அறுக்கப்பட்டிருந்தது.